தூணம்மாவும் என் அத்தையும்

என் அத்தை முனியாயிக்குப் பயம் என்பதே கிடையாது. ஒத்தக்கடையில் ஒரு கல்லூரி விடுதியில் சமையல் வேலை. சாம்பார் தண்ணியாக இருக்கிறது என்று வாய் திறந்த வார்டனிடம், "நீ வந்து கிண்டுய்யா, பாப்போம்" என்று கரண்டியை நீட்டியவள். அப்படிப்பட்டவள் எங்கள் ஊர்ச் சிவன் கோயிலில் மட்டும் முன்மண்டபத்து முதல் தூணைத் தாண்ட மாட்டாள். இப்போது யாரும் தடுப்பதில்லை. ஆனாலும் கால் போகாது.

நாயக்கர் காலத்துக் கோயில். அந்த முதல் தூணில், கைகூப்பி நிற்கிற ஒரு பெண் சிலை. எங்கள் தெருவுக்கு அவள்தான் சாமி, பேர் தூணம்மா. வெள்ளிக்கிழமையானால் அத்தை பஸ்ஸை விட்டு இறங்கி நேரே அங்கே போய், எண்ணெய் பூசி, சிவப்புத் துணி கட்டி, விளக்கு ஏற்றுவாள். வெகுகாலம் பிள்ளையில்லாமல் இருந்து மகள் பவதாரிணி பிறந்தது தூணம்மா புண்ணியம் என்பாள். "நம்ம கஷ்டம் தெரிஞ்சவடா அவ."

போன வருஷம் குடமுழுக்குக்காகத் திருப்பணி தொடங்கியது. கல்வெட்டுப் படிக்க மதுரையிலிருந்து ஸ்வர்ணா என்ற பெண் வந்தார். தூணில் ஏறியிருந்த எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, சிலைக்குக் கீழே இருந்த எழுத்தைப் படித்தார். அது சாமி இல்லையாம், அந்த மண்டபத்தைக் கட்டிக்கொடுத்த பெண்ணாம். கமிட்டித் தலைவர் கண்ணுச்சாமிக்கு இது போதாதா! "இனி துணியும் வேணாம், வெளக்கும் வேணாம்" என்று எல்லாவற்றையும் அள்ளி வெளியே போடச் சொல்லிவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

சேதி கேட்டு அத்தை சாப்பிடாமல் கிடந்தாள். "பெத்த ஆத்தாவ இல்லைன்னு சொன்ன மாதிரி இருக்குடா" என்று அழுதாள். மறுநாள் காலையில் என்னையும் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போய் ஸ்வர்ணா முன்னால் நின்றாள்.

"இவ சாமி இல்லைன்னு நீதான் சொன்னியாம்மா?"

ஸ்வர்ணாவுக்குச் சங்கடமாகிவிட்டது. "ஆமாக்கா. இத்தனை தூண் இருக்கு, எல்லாத்துலயும் சாமி சிலை இருக்கு. நீங்க ஏன் இவங்கள மட்டும் கும்பிடுறீங்க?"

அத்தை அவர் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போய், வாசலைத் தாண்டி ரோட்டோரத்தில் நிறுத்தினாள்.

"எங்காத்தா காலத்துல எங்க ஆளுகளுக்கு இதான் எல்லை. இங்கருந்து பாரு. உள்ள என்ன தெரியுது?"

ஸ்வர்ணா பார்த்தார். வாசல் வழியே அந்த ஒரு தூண்தான் தெரிந்தது. தூணில் அந்தப் பெண்தான் தெரிந்தாள்.

"அவங்களும் உங்கள மாதிரிதாங்க்கா" என்றார். "சாமியப் பாத்துக் கும்பிட்டு நிக்கிறாங்க."

"அப்ப உள்ள இருக்கிற சாமியத்தான் கும்பிடுறாளா?"

"ஆமாக்கா."

அத்தை விறுவிறுவென்று உள்ளே போனாள். நானும் பின்னாலேயே ஓடினேன். தூணிடம் ஒரு நொடி நின்று, "இம்புட்டு நாளும் சொல்லாம இருந்துட்டியேடி" என்று சிலையின் கன்னத்தைத் தடவினாள். பிறகு தூணைத் தாண்டி நடந்தாள். கண்ணுச்சாமி பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கருவறை வாசலில் குருக்கள் விலகி வழிவிட்டுத் தீபம் காட்டினார்.

முழங்கால் உயரம்கூட இல்லாத லிங்கம். அத்தை கும்பிடவில்லை. உற்று உற்றுப் பார்த்தாள். பிறகு மண்டபமே கேட்கிற குரலில் சொன்னாள்:

"இத்தினிக்கூண்டு சாமியப் பாக்கவா எங்காத்தாள சாகுற வரைக்கும் விடல?"