யூனிஸ் அக்கா வாயை மூடிய வருஷம்

எங்கள் ஜீவனஹள்ளியில் யூனிஸ் அக்கா மூக்கை நுழைக்காத வீடு கிடையாது. பேச்சுவார்த்தை அறுந்துபோன அண்ணன் தம்பியை ஒரே ஆட்டோவில் ஏற்றிச் சர்ச்சுக்கு அழைத்துப் போனவர். மகள் கேரல் வேலைக்குப் போகத் தொடங்கியதும், நாற்பத்தைந்து வயதில், எம்.எஸ்.டபிள்யூ. என்கிற சமூகப்பணிப் படிப்பில் சேர்ந்தார். இத்தனை நாள் சும்மா செய்ததை இனிப் படித்துச் செய்யலாமே என்று நினைப்பு.

கல்லூரியில் முதலில் சொல்லிக்கொடுத்ததே வாயை மூடத்தான். உதவி தேடி வருகிறவருக்கு யோசனை சொல்லக் கூடாது. முடிவை அவரே எடுக்க வேண்டும். நாம் காது கொடுத்தால் போதும். அக்காவுக்கு அது பத்தியச் சாப்பாடு மாதிரி இருந்தது. ஆனாலும் பிடிவாதக்காரி, விழுங்கினார்.

களப்பணிக்கு சந்தாபுராவில் ஒரு முதியோர் பகல் மையத்தில் போட்டார்கள். அங்கே வாராவாரம் அவர் எதிரில் வந்து உட்கார்ந்தவர் கோவிந்தராஜன், வாட்ச்மேன் வேலையை விட்டு நின்றவர். மகள் இளவேனில் தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து அவளோடு பேச்சில்லை. அவள் இருந்தது எலெக்ட்ரானிக் சிட்டியில்தான், பஸ் ஏறினால் போய்விடலாம். இப்போது புருஷனுக்கு கனடாவில் வேலை கிடைத்து, குழந்தையோடு கிளம்பப் போகிறாள் என்று காதில் விழுந்திருந்தது.

“போயி ஒருவாட்டி பாக்கலாமான்னு இருக்குதும்மா. நீ இன்னா சொல்ற?”

“நீங்க என்ன நினைக்கிறீங்கய்யா?” என்பார் அக்கா. பக்கத்து மேஜையில் மேற்பார்வையாளர் ஸ்ரீஹர்ஷா தலையசைப்பார்.

“யோசிக்கிறேன்மா” என்று பெரியவர் எழுந்து போவார். வாரங்கள் இப்படியே ஓடின.

‘உன் வாசலை மிதிக்க மாட்டேன்’ என்று கத்திவிட்டு வந்த அப்பன் தானாகப் போய் நிற்க மாட்டான். யாராவது கையைப் பிடித்து இழுக்க வேண்டும். ‘நான் எங்கே வந்தேன், இவங்கதான் இழுத்துட்டு வந்தாங்க’ என்று முனகிக்கொண்டே உள்ளே நுழைவான். இது அக்காவுக்குத் தெரியாதா? தெரிந்தும் சும்மா இருந்தார். படிப்பின் மேல் அவ்வளவு மரியாதை. எனக்கு இன்றைக்கும் அதில் கோபம்தான்.

களப்பணியில் வகுப்பிலேயே அவருக்குத்தான் அதிக மதிப்பெண். இப்படிப் பொறுமையாகக் கேட்கும் மாணவியைப் பார்த்ததில்லை என்று ஸ்ரீஹர்ஷா எழுதிக் கொடுத்தார்.

கடைசி வாரமும் கோவிந்தராஜன் வந்தார். முந்தின நாள் இளவேனில் விமானம் ஏறியிருந்தாள்.

அக்காவுக்குத் தாங்கவில்லை. “ஒரு தடவை போயிட்டு வந்திருக்கலாமேய்யா!”

“தனியா எப்படிம்மா போவேன்? நீ கூட்டினு போவேன்னுதான் வாராவாரம் சட்டையைத் தேச்சுப் போட்டுக்கினு வந்தேன்.”