ஒரு கன்னத்துக்காக இரண்டு சுற்று

தொண்ணூறுகளின் கடைசியில் மைசூரில் ஒரு சிறிய நர்சிங் ஹோமின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன். அக்ரஹாரத்தில் இருந்த வீட்டிலிருந்து நடந்தே போய்விடுவேன். சர்க்கரை, யூரியா, ஹீமோகுளோபின். தினமும் அதே வேலைதான். அலுப்பு என்றுகூடச் சொல்ல மாட்டேன். கை தானாகச் செய்துகொண்டிருந்தது.

வாரத்தில் இரண்டு நாள் வரும் பிளாஸ்டிக் சர்ஜன் ஒரு மத்தியானம் கையில் மருத்துவ இதழைச் சுருட்டிப் பிடித்தபடி உள்ளே நுழைந்தார். அதற்கு முன்பு அவர் என் கூடத்துக்குள் வந்ததே இல்லை. கன்னடத்தில் கேட்டார்: "ரத்தத்திலிருந்து பிளேட்லெட்டை மட்டும் திரட்டிக் கொடுக்க உங்களால முடியுமா?"

விஷயம் இதுதான். அவரிடம் கொள்ளேகாலுக்கு அப்பால் தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் ராமாபுரத்திலிருந்து ஒரு விவசாயப் பெண் வந்துகொண்டிருந்தார். சிறு வயதில் மாட்டுக் கொம்பு கிழித்ததில் அவருடைய இடது கன்னம் குழிந்துபோயிருந்தது. முந்தைய வருஷம் டாக்டர் அவர் வயிற்றிலிருந்தே கொழுப்பெடுத்து அந்தக் குழியை நிரப்பினார். சில வாரம் அழகாக இருந்தது. அப்புறம் பெரும்பகுதி கரைந்துவிட்டது.

"இடம் மாத்தி வச்ச கொழுப்புக்குப் புது ரத்தக்குழாய் வந்து சேர நாளாகுது. அதுவரைக்கும் பட்டினி. அதுலயே பாதி செத்துப்போகுது" என்றார் டாக்டர். காயத்தை ஆற்றும் சத்தெல்லாம் பிளேட்லெட்டில் இருக்கிறதாம். தாடையில் எலும்பு வைக்கிறவர்கள் அதைக் கலந்து பார்த்திருக்கிறார்களாம். "கொழுப்போட கலந்தா? நோடி, இங்க பாருங்க, யோசிங்க!" என்று இதழை என் மேஜைமேல் விரித்தார். படித்து முடிப்பதற்குள் ஆர்வத்தில் எனக்குக் காது சூடாகிவிட்டது.

மறுநாளே என் ரத்தத்தை எடுத்து, குழாயை வேகமாகச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃப்யூஜ் இயந்திரத்தில் வைத்துச் சுற்றிப் பார்த்தேன். அதிக வேகம் வைத்துவிட்டேன். சிவப்பணுக்களோடு பிளேட்லெட்டும் அடியில் போய் ஒட்டிக்கொண்டது. மேலே வெறும் மஞ்சள் நீர். அடுத்த முறை வேகத்தைக் குறைத்தேன். பொறுமையில்லாமல் பிரேக்கை அழுத்தியதில் பிரிந்து நின்றதெல்லாம் மறுபடி கலந்தது. என் கை ஊசிக் குத்தலால் நீலம் பாரித்ததைப் பார்த்துவிட்டு டாக்டர் சட்டைக் கையை மடித்துத் தன் கையை நீட்டினார்.

ஒரு வழியாகப் பிடி கிடைத்தது. முதலில் மெதுவாக ஒரு சுற்று. இயந்திரம் தானாக நிற்கும்வரை தொடக் கூடாது. மேலே நிற்கும் மஞ்சள் நீரை மட்டும் எடுத்து வேறு குழாயில் விட்டு, வேகமாக இன்னொரு சுற்று. இப்போது அடியில் ஒரு சின்ன வெள்ளைத் திட்டு இருந்தது. மேல்நீரில் பெரும்பகுதியைக் கழித்துவிட்டு, மிச்சத்தில் அதைக் கரைத்து வெளிச்சத்தில் சாய்த்தேன். உள்ளே பட்டுத்துணி அசைவதுபோல மினுமினுப்பு சுழன்றது. உயிரோடு இருக்கும் பிளேட்லெட் அப்படித்தான் மினுங்கும் என்று படித்திருந்தேன். கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். மைக்ராஸ்கோப்பில் எண்ணிப் பார்த்தேன். சாதாரண ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு. "சார், ஆய்த்து! வந்துருச்சு சார்!" என்று கத்திக்கொண்டே படியேறி ஓடினேன். வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர்கள் யாருக்கோ என்னவோ என்று எழுந்து நின்றார்கள்.

ஆபரேஷனன்று காலையில் அந்தப் பெண்ணுக்கு ரத்தம் எடுக்கப் போனேன். டாக்டர் கன்னடத்தில் எல்லாம் சொல்லியிருந்தாலும், தமிழ் பேசுகிற அந்தப் பெண் என்னிடம் தமிழில் ஒருமுறை கேட்டுக்கொள்ள விரும்பினார்.

"ஏனுங்க அம்மணி, இது என்ற ரத்தமேதானுங்களா? வேற யாரதும் இல்லீங்களே?"

"உங்க ரத்தம்தான் அக்கா. அதுல கொஞ்சத்தைப் பிரிச்சு, உங்க கொழுப்போடயே கலந்து வைப்பாங்க."

"போன வாட்டி மாதிரி கரஞ்சு போகாதுங்களே?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. "தெரியாது அக்கா. டாக்டருக்கும் தெரியாது. எங்களுக்கே இது புதுசு."

"செரி, பாத்துருவோமுங்க" என்று முழங்கையை நீட்டினார்.

இரண்டு சுற்றும் முடிந்து, ஊசிக்குழாயை நானே தியேட்டர் வாசல்வரை கொண்டுபோனேன். கதவுக்கு வெளியே நின்று கண்ணாடி வழியாகப் பார்த்தேன். வெண்ணெய் போலிருந்த கொழுப்போடு அது கலந்து, இழை இழையாகக் கன்னத்துக்குள் போயிற்று. கீழே மற்ற நோயாளிகள் காத்திருந்தது நினைவுக்கு வர வெகுநேரமாயிற்று.

ஒரு மாதம் கழித்து வந்தார். கன்னம் நிறைந்திருந்தது. போன முறையும் முதல் மாதம் அப்படித்தான் இருந்தது. மூன்றாம் மாதம் கொஞ்சம் வற்றியிருந்தது. ஆறாம் மாதம் கொள்ளேகால் வழியாக பஸ் பிடித்து வந்து, நேரே என் கூடத்துக்குள் நுழைந்தார்.

"தொட்டுப் பாருங்க அம்மணி. அப்புறம் கரையவே இல்லீங்க."

கையுறையைக் கழற்றிவிட்டுத் தொட்டேன். மெத்தென்று, வெதுவெதுப்பாக, வெறும் கன்னமாக இருந்தது. அவர் சிரித்தபோது அதுவும் சேர்ந்து மேலே எழும்பியது.

டாக்டர் பழைய புகைப்படங்களைப் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார். "ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு கன்னம். இரண்டாவது தடவை வச்சதாலயே நின்னிருக்கலாம். இதை வச்சு ஒண்ணும் சொல்லிட முடியாது" என்று எனக்குப் பாடம் நடத்துவதுபோலச் சொன்னார். சொல்லிவிட்டு, மயக்க மருந்து டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டுவதற்குப் படங்களை எடுத்துக்கொண்டு இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினார். நானும் அந்த அக்காவும் கீழே நின்று அவரைப் பார்த்துச் சிரித்தோம்.