தெரியாது என்று சொல்லும் கருவி

“...தெரியாதுன்னு சொல்ற மெஷினப் பத்தி வாணி விழாவுல எதுக்குண்ணே ஒரு பேச்சு?” என்றபடியே, தோட்டப் பாடசாலையின் விஞ்ஞான ஆசிரியர் கரும்பலகையில் இருந்த சரஸ்வதி பூசை நிகழ்ச்சி வரிசையிலிருந்து என் பேச்சை அழித்தார்.

நான் தேயிலை பெக்டரியில் வேலை பார்ப்பவன். குவாண்டம் படித்ததெல்லாம் ஓப்பநாயக்க ஊருக்குப் போகும் பஸ்ஸில், போனில்தான். அதற்காக விட்டுவிட முடியுமா?

“சேர், ரெண்டு ஒளி நிலை. ஒன்னோட சாயல் இன்னொன்னுல இருக்கு. ஒவ்வொரு தடவையும் எதுன்னு பிசகாம சொல்ல எந்தக் கருவியாலயும் முடியாது. ஆனா இதுதான்னு பேர் சொன்னா தப்பே சொல்லாத கருவி செய்யலாம். சில நேரம் அது ‘தெரியாது’ன்னு ஒத்துக்கணும், அவ்வளவுதான்.”

“தோத்தவன் சொல்ற சாட்டு அது.”

எனக்கு ரோசம் வந்துவிட்டது. விழாவில் அவிக்க வாங்கிய தானியம் மேசையில் இருந்தது. அவர் கண்முன்னே ஒரு டின்னில் பயறும் கௌப்பியும் கலந்தேன். மற்றதில் கௌப்பியும் கடலையும். அவரைத் திரும்பி நிற்கச் சொல்லி, ஒரு டின்னை மட்டும் அவர் கைக்கு நீட்டினேன்.

“பாக்காம ஒன்னே ஒன்னு எடுங்க. எந்த டின்னுன்னு சொல்லுங்க. தப்பாச் சொன்னா என் பேச்சு மேடையேறும்.”

எடுத்தார். பயறு. “மொத டின்!” என்று சிரித்தார். சரிதான். மறுபடி ஒரு டின்னை நீட்டினேன். இம்முறை கௌப்பி. அவர் கை இன்னொன்றுக்கு நீண்டது, டின்னை மூடிவிட்டேன்.

“அந்த ஒளியும் இப்பிடி ஒருக்காத்தான் சேர் கெடைக்கும். சொல்லுங்க.”

ஆசிரியர் கௌப்பியையே பார்த்தார். “இது ரெண்டு டின்லயுந்தான் இருக்கு,” என்றார். சோக்கை எடுத்து, அழித்த இடத்திலேயே என் பேச்சை மறுபடி எழுதினார்.