என் மகன் யூட்டின் பந்து போடும் கை

அன்பான சகோதரங்களே, உங்களில் பலர் இந்தக் கோயிலில் முழங்காலில் இருந்து என் மகனின் கைக்காகச் செபமாலை சொன்னவர்கள். அந்தச் செபத்துக்கு என்ன பதில் கிடைத்தது என்று நான் இதுவரை எழுந்து நின்று சொல்லவில்லை. சொல்ல முடியாமல் இருந்தது. இன்று சொல்கிறேன். புதிதாக வந்திருப்பவர்களும் இருப்பதால் தொடக்கத்திலிருந்தே சொல்கிறேன்.

என் பெயர் மரியதிரேசா. கணவர் சூசைப்பிள்ளை கடலிலும் கடலோரக் களப்பிலும் மீன் பிடிப்பவர். மூன்று பெண் பிள்ளைகளுக்குப் பிறகு எங்களுக்குப் பிறந்தவன் யூட். எழுபத்தொன்பதாம் ஆண்டு, அவனுக்குப் பத்தொன்பது வயதில், ஊர்க் கழகத்துக்காக முதன்முதலாகக் கிரிக்கெட் விளையாடினான். வேகமாகப் பந்து போடுவான். எனக்கு அந்த விளையாட்டு விளங்காது. ஆனால் அவன் ஓடி வரத் தொடங்கியதும் வேலியோரம் கதைத்துக்கொண்டிருந்தவர்கள் கதையை நிறுத்துவதைக் கண்டிருக்கிறேன்.

அந்த வருஷக் கடைசி ஆட்டம் மாங்குளத்தாரோடு. பார்க்க யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்திருந்தார். ஆட்டம் முடிந்ததும் அவர் என் கணவரிடம், அடுத்த வருஷமும் பையன் இப்படியே போட்டால் தன்னிடம் அனுப்பிவிடும்படி கேட்டார். அன்றிலிருந்து ஊர் முழுக்க ஒரே கதைதான், வருகிற வருஷம் யூட்டின் வருஷம். மீன் லொறிக்கார மரியான் அண்ணை முட்டை கொண்டுவந்து தருவார். பூசை முடிந்து வெளியே வந்தால், தெரியாதவர்கள்கூட அவனுடைய தோளைத் தொட்டுப் பார்ப்பார்கள். தகப்பன் அவனை வள்ளத்தில் ஏறவே விடவில்லை. வலை இழுத்தால் கை பழுதாகிவிடும் என்று பயம்.

யூட் அதிகம் கதைக்கமாட்டான். பின்னேரத்தில் தனியாகப் போய் ஒரு பனையைக் குறிவைத்துப் பந்து எறிவான். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் தலையை நிமிர்த்தாமல், "சரியாப் போடாட்டி இவையள் என்ன சொல்லுவினம் அம்மா?" என்று கேட்டான். ஒன்றும் சொல்லமாட்டார்கள், சாப்பிடு என்றேன். வேறென்ன சொல்ல?

மார்கழி. நத்தார்ப் பண்டிகை கிட்டிய நேரம். கணவரோடு தொழிலுக்குப் போகும் கூட்டாளி மலேரியாக் காய்ச்சலில் படுத்துவிட்டார். தனியே வலை இழுக்க முடியாது. யூட் தானாகவே, "நான் வாறன் அப்பா, ஒரு நாள்தானே" என்று வெளிக்கிட்டான். தகப்பன் கொஞ்சம் யோசித்தார். பிறகு சரி என்றார்.

களப்பில் வலையில் ஒரு திருக்கை மீன் பட்டிருந்தது. அதைக் கழற்றும்போது அது வாலை வீசியது. வாலிலுள்ள விஷ முள் அவனுடைய வலது உள்ளங்கைக்குள் ஆழமாகப் போய்விட்டது. வீட்டுக்கு வரும்போது அவனுக்கு முகத்தில் இரத்தமே இல்லை. சுடுதண்ணீரில் கையை வைத்திருந்தோம். அதுதான் எங்கள் வழக்கமான வைத்தியம். நோவு கொஞ்சம் குறைந்தது. ஆனால் விடிந்தபோது முழங்கை வரைக்கும் வீங்கி, உள்ளங்கை கறுத்துப்போயிருந்தது. காய்ச்சல் அனலாய் அடித்தது.

இங்கே ஆஸ்பத்திரியில் பார்த்தவுடனேயே வவுனியாவுக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். மழை வெள்ளத்தால் பஸ் ஓடவில்லை. மரியான் அண்ணை தன் லொறியை எடுத்தார். நான் முன்னுக்கு மகனை மடியில் சாய்த்துக்கொண்டு இருந்தேன். கணவர் முன்னுக்கு வரமாட்டேன் என்று பின்னால் ஐஸ் பெட்டிகளுக்கு நடுவில் இருந்தார். வழியில் ஒட்டுசுட்டானுக்கு அங்கால் றோட்டுக்கு மேலால் தண்ணீர் பாய்ந்தது. லொறி நின்றுவிட்டது. ஆட்கள் வந்து தள்ளும்வரை நான் மகனின் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். சும்மா இருப்பதைத் தவிர எனக்கு வேறு வேலை இருக்கவில்லை.

வவுனியாவில் டாக்டர் கையைப் பார்த்தார். தகப்பன் கதவடியிலேயே நின்றுவிட்டதால் என்னோடுதான் கதைத்தார். "அம்மா, நாளைக்கு வரைக்கும் பாப்பம். விஷம் மேல ஏறினா கையை எடுக்க வேண்டிவரும். இல்லாட்டிப் பிள்ளையைக் காப்பாத்தேலாது."

அன்று பின்னேரம் முழுக்க ஆஸ்பத்திரி முற்றத்தில் ஒரு வேப்பமரத்துக்குக் கீழே இருந்தேன். செபமாலையை எடுத்தேன். சின்ன வயதிலிருந்து சொல்லிவந்த செபம் வாயில் வரவில்லை. பாதியில் நின்று நின்று போனது. ஊரில் நீங்கள் எல்லோரும் அவன் பந்து போட வேண்டும் என்று மன்றாடிக்கொண்டிருந்தீர்கள். எனக்கு அதைக் கேட்கத் துணிவில்லை. கையைக் கேட்டால் பிள்ளை போய்விடுவானோ, பிள்ளையைக் கேட்டால் கையை எடுத்துவிடுவார்களோ என்று பயந்தேன். கடைசியில், "மாதாவே, நீரும் ஒரு ஆண்பிள்ளையைப் பெற்றவர்" என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் காலையில் காய்ச்சல் விட்டிருந்தது. வீக்கம் மேலே ஏறவில்லை. கையை எடுக்கத் தேவையில்லை என்று டாக்டர் சொன்னார். நான் நிலத்தில் இருந்து அழுதேன்.

வீட்டுக்கு வந்தபோது நீங்கள் வெடி கொளுத்தி வரவேற்றீர்கள். பங்குச் சுவாமி நன்றிப் பூசை வைத்தார். ஆனால் கட்டு அவிழ்த்த பிறகு, நடு விரலும் சுட்டு விரலும் மடங்கவில்லை. பந்தைப் பிடிப்பது அந்த இரண்டு விரல்களால்தானாம். போகப் போகச் சரிவரும் என்று எல்லோரும் சொன்னோம். எண்ணெய் பூசினோம், உருவினோம். மாசியில் ஆட்டம் தொடங்கியது. கழகத்துத் தலைவர் நல்ல மனதோடுதான் பந்தை அவனிடம் கொடுத்தார். யூட் பழையபடி ஓடி வந்தான். வேலியோரம் கதை நின்றது. பந்து கையிலிருந்து வழுகி அவன் காலடியிலேயே விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று எனக்குப் பட்டது.

அதற்குப் பிறகு அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவன்தான். கோயிலுக்கு வருவதில்லை. தவக்காலம் முழுக்க வரவில்லை. நான் கூப்பிட்டபோது ஒரேயொரு முறை பதில் சொன்னான். "மாதா கையைத் தந்தவா எண்டு சொல்லுறியள். இந்தக் கையை வச்சு நான் என்ன செய்ய?"

அப்போதுதான் உங்களில் சிலர் என்னைக் கோயிலில் சாட்சி சொல்லக் கேட்டீர்கள். நான் எப்படி எழும்புவேன்? ஒரு பக்கம் மகன் இப்படி. மறுபக்கம் கணவர் சாப்பிட இருப்பார், சாப்பிடாமலே எழும்பிப் போய்விடுவார். பெண் பிள்ளைகள் கலியாணமாகிப் போய்விட்ட வீட்டுக்குள் மிச்சம் மூன்று பேரும் மூன்று இடத்தில் இருந்தோம். நான் சோறு வடிக்கும்போதும் உடுப்புத் தோய்க்கும்போதும் மன்றாடினேன். ஒன்றும் அசையவில்லை.

உயிர்ப்புத் திருநாள் முடிந்து ஒரு மத்தியானம் யூட்டின் பாய் வெறுமையாகக் கிடந்தது. கடற்கரைப் பக்கம் போனதைக் கண்டதாகப் பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். சுடுமணலில் செருப்பில்லாமல் ஓடினேன். "ஆண்டவரே, கை வேண்டாம், பந்து வேண்டாம், அவன் மூச்சோடு இருந்தால் போதும்." இதுதான் என் செபம். இதைவிடச் சின்னச் செபம் நான் செய்ததில்லை.

எங்கள் வள்ளம் கரையில் இழுத்து வைத்திருந்தது. அதன் நிழலில் என் கணவர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். யூட் பக்கத்தில் குந்தியிருந்து, அந்த மடங்காத விரல்களோடு தகப்பனின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் சொன்னான்:

"அப்பா அண்டைக்கு என்னைத் தடுத்திருக்க வேணுமாம் எண்டு அழுறார். நான்தானே வந்தனான் எண்டு சொன்னாலும் கேக்கிறாரில்லை. நீங்கள் சொல்லுங்கோ அம்மா."

மாதக் கணக்காக அவன் வாயிலிருந்து அவ்வளவு வார்த்தை நான் கேட்டதில்லை.

அவன் அன்று ஏன் தனியே கடற்கரைக்குப் போனான் என்று என்னிடம் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. என் கணவர் அந்த நேரத்தில் அங்கே இருக்க வேண்டியவரே அல்ல. வலைக்கு நூல் வாங்க ரவுண் கடைத்தெருவுக்கு வெளிக்கிட்டவர். பஸ் வராததால் திரும்பி, வீட்டுக்கு வர மனமில்லாமல் வள்ளத்தடியில் இருந்திருக்கிறார். பஸ்ஸை மறித்தது யார் என்று எனக்குத் தெரியும்.

அன்று மூவரும் ஒன்றாக இருந்து சாப்பிட்டோம். அடுத்த ஞாயிறு யூட் பூசைக்கு வந்து கடைசி வரிசை வாங்கில் இருந்தான். பிறகு தகப்பனோடு தொழிலுக்குப் போனான். இன்று அவனுக்கு மனைவியும் ஒரு பெண் குழந்தையும் இருக்கிறார்கள். விரல்கள் இன்னும் மடங்குவதில்லை. மாசியில் ஆட்டம் தொடங்கும் நாளில் அவன் மைதானத்துக்குப் போவதில்லை. அது அவனுக்கு ஆறிவிட்டது என்று நான் பொய் சொல்லமாட்டேன்.

சகோதரங்களே, இங்கே யாராவது நோயாளியின் கட்டிலடியில் இருந்து, என்ன கேட்பது என்றே தெரியாமல் தவிக்கிறீர்களா? தெரியாது என்பதையே ஆண்டவரிடம் சொல்லுங்கள். எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. நாங்கள் கேட்ட வருஷம் யூட்டுக்கு வரவில்லை. யூட் எங்களிடம் திரும்பி வந்தான். அந்த நன்றியைச் சொல்லத்தான் எழும்பினேன். சொல்லிவிட்டேன்.