பதினான்காம் நம்பர் வாசலில் ஒரு கும்பிடு

வெள்ளி பகல் 1.10. கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற எங்கள் ஊரில் ரயில் ஏறினோம், நானும் பக்கத்து வீட்டு ரூத்தும். ரூத் யூதப் பெண்மணி, ஓய்வுபெற்ற நர்ஸ். அவரது தாத்தா பிறந்தது பிரிக் லேனை ஒட்டிய ஒரு தெருவில், பதினான்காம் நம்பர் வீட்டில். பிறப்புச் சான்றிதழ் சொல்கிறது. கோல்டர்ஸ் கிறீனில் இருக்கும் ரூத்தின் அக்காவுக்கு நாளை தொண்ணூறு வயது. அந்த வாசலின் படம் அவருக்குப் போக வேண்டும், அதுவும் மூன்றரைக்குள். குளிர்காலப் பொழுது அதோடு சாய்ந்துவிடும்; பிறகு சபாத், யூதர்களின் ஓய்வு நாள், அக்கா போனைத் தொடமாட்டார். ஞாயிறன்று கண் ஆப்பரேஷன் வேறு.

ரூத்தின் மடியில் நூறு வருஷத்துக்கு முந்திய வரைபடத்தின் பிரதி.

“அது எதுக்கு? இருபத்திரண்டு வருஷமா லண்டனில மினிகாப் டாக்சி ஓடுறன்,” என்றேன்.

1.40. ஆல்ட்கேட் ஈஸ்டில் இறங்கினோம். முதலில் பேகல், அந்த யூத வளைய ரொட்டி, தின்போம் என்று அடம்பிடித்தது நான்தான். ஒன்று மூன்று பவுண்டு, வரிசையில் முப்பது பேர்.

2.25. என் போன் எங்களை நீலக் கதவுக்கு முன் நிறுத்தியது. பதினான்கு! நெஞ்சு பொங்கிவிட்டது. சப்பாத்தைக் கழற்றிப் படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக் கும்பிட்டேன். ரூத் படமெடுத்தார். “உடனே அனுப்புங்கோ” என்று அவசரப்படுத்தியதும் நான்தான்.

தெருவோரம் நின்ற பார்சல் வானுக்குள்ளிருந்து ஒரு தமிழ்க் குரல்: “அண்ணை, ஆரைக் கும்பிடுறியள்? உது கணக்காளற்றை ஒபிஸ். சப்பாத்தைப் போடுங்கோ, விறைக்கப் போறியள்.”

ரூத் வரைபடத்தை அந்த வானின் மூக்கில் விரித்தார். “இதில் பதினான்குக்குப் பக்கத்து வீடு பதின்மூன்று. இங்கே பதினாறு. நம்பரை மாற்றிப் போட்டிருக்கிறார்கள்.” அனுப்பிய படத்தைப் போனில் திரும்பப் பார்த்தார். “அக்கா தப்பான வாசலைப் பார்த்துக்கொண்டா தொண்ணூறு ஆவாள்?”

“அப்ப நம்பரை விடுங்கோ, அண்ணை. கதவை எண்ணுங்கோ,” என்றார் வான்காரர்.

வரைபடத்தில் தெரு மூலையில் மதுக்கடை. இப்போது காப்பிக்கடை. அங்கிருந்து எண்ணினோம். பேச்சோடு பேச்சாக நான் இரண்டு தடவை எண்ணிக்கையை விட்டேன். மூன்றாம் தடவை ரூத் என் வாயை மூடச் சொன்னார். பதினான்காவது கதவை ஒட்டி ஓர் ஒடுங்கிய சந்து. வரைபடத்திலும் அதே சந்து!

3.14. பச்சைக் கதவு. வலது நிலைக்காலில், பல பூச்சுப் பெயின்டுக்கு அடியில், விரலளவில் ஒரு சாய்ந்த தழும்பு. வேத வரிகள் வைத்த சிறுகூட்டை யூதர்கள் பதிக்கும் இடம் அது. ரூத் அதைத் தொட்டார், விரலை முத்தமிட்டார். நான் செய்ததையேதான் அவரும் செய்தார். வாசல் மட்டும் சரி.

3.22. படம் போனது. அக்கா பார்த்ததைக் காட்டும் நீல டிக் வரவில்லை.

3.27. அக்காவின் பதில்: “தாத்தாவின் கதவுக்கு நன்றி. முதல் படத்தில் வெறும் காலுறையோடு கும்பிடுபவர் யார்? நம் சொந்தமா?”

ரூத் என்னை மேலும் கீழும் பார்த்தார். “ஆமாம்” என்று ஒரே சொல் தட்டி அனுப்பினார்.

யாழ்ப்பாணத்தில் சொந்தம் சேர ஒரு கலியாணமாவது வேண்டும். லண்டனில் தப்பான வாசல் ஒன்றே போதுமாக இருந்தது.