ஐந்தாம் புள்ளி

பேயில்லை, பிசாசில்லை என்று மேடைதோறும் முழங்கிய வாய் இது. அதே வாயால் சொல்கிறேன்: இது நடந்தது.

அவள் இரண்டாம் தாரம். கணவன் நடத்திய ஆய்வகத்திலேயே வேலை. வீட்டில் கட்டிலும் வேலையில் மேசையும் மூத்தவள் விட்டுப்போனவை. பொறாமைத் தீக்கு வேறு எண்ணெய் வேண்டுமா? போதாக்குறைக்கு ஆய்வகச் சுவரில் மூத்தவள் பெயர் பொறித்த சட்டம். அதற்குள் அவள் மூச்சின் வரைபடம்.

கருவி அடையாளம் காணும்படி கனமான கரிம அணுக்கள் சேர்த்த சர்க்கரைநீரைக் குடித்துவிட்டு, அரை மணிக்கொருமுறையாக எட்டு முறை கண்ணாடிக் குழாயில் ஊதவேண்டும். உடல் அதை எவ்வளவு எரித்தது என்பதை மூச்சே காட்டிக்கொடுக்கும். மூத்தவளின் மூச்சு நான்கு புள்ளிகளாய் ஏறி, அங்கேயே நின்றிருந்தது.

"அரைகுறையா விட்டதுக்குச் சட்டம் ஒரு கேடா? எட்டையும் நான் முடிச்சுக் காட்டுறேன்!"

கருவியை இயக்குபவர் தலையைச் சொறிந்தார். "அக்கா கைராசியே வேறம்மா."

"உங்க அக்கா புராணத்தை மூட்டை கட்டுங்கண்ணே!"

பட்டப்பகல். சர்க்கரைநீரைக் குடித்தாள். கதவைத் தாழிட்டாள். ஒவ்வொரு முறையும் இரண்டு குழாய்கள். ஒன்றில் அவள் ஊதுவாள். ஒப்பிடுவதற்கான மற்றொன்றை எதிரே இருந்த காலி நாற்காலியருகே திறந்து, வெறுங்காற்றைப் பிடித்து மூடுவாள்.

முதல் முறை. வெறுங்காற்றுக் குழாய் பனித்திருந்தது...

கைவியர்வை என்று துடைத்தாள். ஈரம் உள்ளே இருந்தது.

மூன்றாம் முறை. நாற்காலிப் பக்கம் மெல்லிய ஒலி.

ஃபூ...

"யாரு?"

குழாயை மூடினாள்.

ஐந்தாம் முறை. நாற்காலிப் பக்கம் குழாயை நீட்டினாள். விரல்களில் வெதுவெதுப்பாக ஒரு மூச்சு.

எழவில்லை. எழுந்தால் மூத்தவள் வென்றுவிடுவாளே! பல்லைக் கடித்துக்கொண்டு எட்டையும் பிடித்தாள்.

மாலையில் கருவி தீர்ப்புச் சொன்னது. குடித்த சர்க்கரையின் சுவடே அவள் மூச்சில் இல்லை. வெறுங்காற்றுக் குழாய்களில்தான் கோடு ஏறியிருந்தது.

"இது அறைக்காத்து இல்லம்மா. ஆள் விட்ட மூச்சு."

அவர் தாளைச் சுவர்ப்படத்தோடு ஒட்டிப் பிடித்தார். முதல் நான்கு புள்ளிகளும் மயிரிழை பிசகாமல் பொருந்தின.

"அவங்க ஏன் நாலோட நிறுத்துனாங்க?"

"நிறுத்தலம்மா... அஞ்சாவது குழாயை வாயில வெச்சாங்க. மாரடைப்பு. அந்த நாற்காலியிலதான். ஐயா சொல்லலையா?"

கணவன் வந்தான். ஐந்து முதல் எட்டு வரை, புதிய புள்ளிகளை விரலால் தடவினான். மனைவியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"முடிச்சுட்டா," என்றான்.

சட்டத்தைக் கழற்றிப் புதிய தாளைச் செருகினான்.

பெயரை மாற்றவில்லை.