இருமுறை திருப்பிய உத்தரம்

அலுவலகத்தில் அவளுக்குச் 'சிவப்புப் பேனா' என்று பெயர். இரும்புக் கட்டடங்களுக்கு மற்றவர்கள் வரைந்த படங்களைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது இருபத்தாறு வருடமாக அவள் வேலை. வீட்டிலும் அந்தப் புத்தி போகாது. பூட்டிய கதவை இரண்டு தரம் இழுத்துப் பார்ப்பாள். "அம்மா சாப்பாட்டுல உப்பு பாக்க மாட்டா, சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவா" என்று மகள் கிண்டலடிப்பாள்.

அன்று காலை மேலாளர் ஒரு படிவத்தை நீட்டியிருந்தார். புதிதாக ஆறு பொறியாளர்களை எடுக்கிறார்களாம். அவர்களுக்கு என்னென்ன திறமை வேண்டும் என்று அவள் எழுதித் தர வேண்டும். கணக்கு, கணினி, குழுவோடு ஒத்துப்போகும் குணம். அதற்குமேல் பேனா நகரவில்லை. மூன்று மாதத்தில் முந்நூற்றுச் சொச்சம் தாள்களைப் பார்த்த கண்கள் எரிந்தன.

அப்போதுதான் கட்டுமான இடத்துப் பொறியாளர் போன் செய்தார்.

"மேடம், வலப்பக்க உத்தரம் மேல போயிடுச்சு. ஒரு ஓட்டைகூட உக்கார மாட்டேங்குது. பட்டறை மேஸ்திரி சொதப்பிட்டாரு. நீங்க வந்து பாத்து, தப்பு அவருதுன்னு ரெண்டு வரி எழுதிக் குடுத்துட்டா வேலை முடிஞ்சுது."

வேனில் போய் இறங்கினாள். எட்டு மீட்டர் இரும்பு உத்தரம் கிரேனில் தொங்கிக்கொண்டிருந்தது. தூணில் ஓட்டைகள் ஒரு பக்கம், உத்தரத்தில் மறுபக்கம்.

"எவ்வளவு நேரம்மா இதைப் புடிச்சிட்டே நிக்கிறது?" என்று கிரேன் ஓட்டுநர் மேலிருந்து கத்தினார். "துணியா காயப்போட்டிருக்கேன்?"

"இறக்கிடுங்க" என்றாள்.

பட்டறை மேஸ்திரி வரைபடக் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓரமாக நின்றிருந்தார். இந்த உத்தரங்களை வெட்டி, ஓட்டை போட்டு அனுப்பியவர் அவர்தான்.

"முதலாளி சொல்லிட்டாரும்மா. தப்பு உன்னுதுன்னு லெட்டர் வந்தா நாளையிலேருந்து வராதேன்னு. நான் தாள்ல இருந்ததைத்தான் செஞ்சேன். நீங்களே பாருங்க."

பார்த்தாள். வலப்பக்கத் தாளில் விரல் நின்றது.

கட்டடத்தின் இடதும் வலதும் ஒன்றையொன்று கண்ணாடியில் பார்த்தது போல இருக்கும். முன்பெல்லாம் இடப்பக்க உத்தரத்தை மட்டும் வரைந்து, 'வலப்பக்கத்துக்கு இதைத் திருப்பிச் செய்யவும்' என்று ஒரு குறிப்பு எழுதுவார்கள். இப்போது கணினியே திருப்பி, வலப்பக்கத்துக்குத் தனித்தாள் தந்துவிடுகிறது. ஆனால் அந்தப் பழைய குறிப்பும் தாளோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அதை அடித்துவிடுவது சரிபார்ப்பவர் வேலை. இந்தத் தாளில் குறிப்பு அப்படியே இருந்தது. பட்டறையில், ஏற்கெனவே திருப்பிய படத்தை இன்னொரு தரம் திருப்பிவிட்டார்கள். வந்து சேர்ந்தது இன்னொரு இடப்பக்க உத்தரம்.

குறிப்புக்குப் பக்கத்திலேயே 'சரி' என்று அவளுடைய சிவப்புக் கோடு. கீழே கையெழுத்து, தேதி. சாக்குச் சொல்ல அன்று வீட்டில் யாருக்கும் காய்ச்சல்கூட இல்லை. வெறும் செவ்வாய்க்கிழமை.

மேலாளரைப் போனில் கூப்பிட்டுச் சொன்னாள்.

"பட்டறைக்காரன் இத்தனை வருஷமா செய்றான். சந்தேகம் வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்க வேணாமா?"

"கேட்டிருக்கலாம் சார்."

"அப்ப அதையே எழுதுங்க. வேலியில போற ஓணானை எதுக்கு மடியில கட்டிக்கிறீங்க?"

"ஓணான் ஏற்கெனவே என் மடியிலதான் சார் இருக்கு."

மறுமுனையில் பெருமூச்சு. "இனிமே உங்க ஒத்தைக் கையெழுத்து செல்லாதுன்னு மேல சொல்லுவாங்க. கூட இன்னொருத்தரும் போடணும்பாங்க. இத்தனை வருஷத்துக்கு அப்புறம் அது தேவையா?"

"போடட்டும் சார். என் கண்ணு ரெண்டும் களைச்சுப் போச்சு."

வேனின் முகப்பில் தாளை வைத்து எழுதினாள். பட்டறையில் தவறில்லை, நீக்க வேண்டிய குறிப்பு நீக்கப்படவில்லை, சரிபார்த்தது நான். மேஸ்திரியிடம் நீட்டினாள். ஒவ்வொரு எழுத்தாகப் படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். நன்றி சொல்வார் என்று பார்த்தால், தலையைச் சொறிந்தார்.

"செய்றப்பவே எனக்கு உறுத்திச்சும்மா. இடப்பக்கத்துது மாதிரியே இருக்கேன்னு."

"அப்புறம் ஏன் கேக்கலை?"

"போன தடவை வேற ஒண்ணுக்குக் கேட்டேன். தாள்ல இருக்கறதைச் செய்ங்க, சும்மா சும்மா போன் பண்ணாதீங்கன்னு சொல்லிட்டாங்க."

"யாரு சொன்னது?"

மேஸ்திரி தரையைப் பார்த்தார். "நீங்கதாம்மா."

சொல்லியிருப்பாள். எந்த நாள், எந்தத் தாள் என்று நினைவில்லை. ஆனால் அந்தக் குரல் அவளுடையதுதான் என்பதில் சந்தேகமில்லை. ஒரு நாளைக்குப் பத்துப் பேரிடம் அப்படித்தான் எரிந்து விழுந்துகொண்டிருந்தாள்.

கவிழ்த்துப் போட்ட சிமென்ட் வாளியில் உட்கார்ந்தாள்.

"வரைபடக் கட்டை அவிழுங்க மேஸ்திரி. வலப்பக்கத் தாள் எல்லாத்தையும் எடுங்க."

பதினான்கு தாள்கள். இரண்டாவதில் அதே குறிப்பு, அதே சிவப்புக் கோடு.

"இது வெட்டியாச்சா?"

"வெட்டியாச்சும்மா."

தனியே வைத்தாள். மூன்றாவதும் நான்காவதும் சரியாக இருந்தன. ஐந்தாவதில் மறுபடியும்.

"இது?"

"நாளைக்குத்தான் வெட்டணும்."

குறிப்பை அழுத்தி அடித்தாள். பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, பேனாவை மேஸ்திரியிடம் கொடுத்தாள்.

"நீங்களும் ஒரு தடவை பாத்துட்டு, கீழ ஒரு கோடு போடுங்க. ஏதாவது உறுத்துச்சுன்னா இப்பவே சொல்லுங்க."

மேஸ்திரி மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார். வெகுநேரம் பார்த்தார். பிறகு தாளின் ஒரு மூலையில் விரலை வைத்து, "கோவிச்சுக்காதீங்கம்மா, இந்த அளவு..." என்று ஆரம்பித்தார்.